சவானாச் செத்தவீட்டில் புனிதவதி அக்கா பேசியது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டொரண்டோவில், மோர்னிங்சைட் வீதிக் கோப்பிக் கடையில் புனிதவதி அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்து, "தம்பி, நீ கதை எழுதுறனி எல்லே?" என்று கேட்டார். நான் இருக்கும் கட்டடத்திலேயே குடியிருப்பவர், பிஸ்கற் பக்டரியில் வேலை. "எழுதினால் என்ரை பேரையே போடு. வேறை பேர் போட்டால் வேறை ஆரோ போனதெண்டு சனம் நினைக்கும்."

2

சவானா நகரத்து ஓக் மரங்களில் பாசி, விரித்துவிட்ட கூந்தல் போல

(இதோடு நிறுத்திவிட்டேன். அமெரிக்காவின் தெற்கிலுள்ள அந்தப் பழைய நகரத்தை நான் கண்டதில்லை. பக்கத்திலிருக்கும் ஒஷாவா வரைதான் போயிருக்கிறேன்.)

அக்கா சொன்னபடியே சொல்கிறேன். தொண்ணூற்றேழில் கனடா பாஸ்போர்ட் கிடைத்ததும், பக்டரிக் கலண்டரில் பார்த்த மரங்களுக்காகத் தனியே பஸ் ஏறி சவானா போனார். காலை முழுக்கச் சதுக்கம் சதுக்கமாக நடந்து பழைய வீடுகளைப் படமெடுத்தார். பசித்தது. ஒரு வெள்ளை வீட்டுக்குள் சனம் வரிசையாகப் போனது. உள்ளே இறால் பொரிக்கும் வாசம். வாசலில் நின்ற கறுப்பினப் பெண்மணி அக்காவை இறுகக் கட்டிப்பிடித்தார்.

"அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையளிலை அப்பிடித்தான் உள்ளை விடுவினமாக்கும் எண்டு நினைச்சன்."

3

பொரித்த மீன், வெண்டிக்காய், பயறு போட்ட சோறு, சர்க்கரைவள்ளி என்கிற வத்தாளங்கிழங்கில் செய்த கேக். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். பில் கேட்டார், ஒருவரும் தரவில்லை. அப்போதுதான் மேசையில் பூ வைத்த படத்தைக் கண்டார். யாரோ ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

செத்தவீடு.

("அக்கா, இதை ஆரும் நம்பாயினம்."

"நானும் நம்பேல்லை. ஆனா சாப்பிட்டு முடிச்சிட்டனே.")

நழுவப் பார்த்தவரை, வாசலில் கட்டிப்பிடித்த அதே பெண்மணி மறித்தார். இறந்தவரின் மனைவி, பெயர் கிளடிஸ். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்.

"டொரண்டோ."

"இவருக்காக டொரண்டோவிலிருந்து வந்திருக்கிறா!" என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

4

எழுந்து நின்ற அக்காவுக்கு ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிற்று. தமிழில் பேசினார். இறந்தவரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாதே. தன் அண்ணர் இராஜரட்ணத்தைப் பற்றிப் பேசினார். தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வழியில் செத்தவர்.

"அவருக்குச் செத்தவீடு செய்ய வீடே இருக்கேல்லைத் தம்பி. சைக்கிள் மிதிக்கேக்கை பிழையாப் பாடுறவர், நாய்க்குட்டியைச் சேட்டுக்குள்ளை ஒளிச்சுக் கொண்டாறவர்... எல்லாம் சொன்னன். நான் மூச்செடுக்கிற நேரமெல்லாம் அவையள் 'ஆமென்' எண்டினம். அண்டைக்குத்தான் அவருக்காக அழுதன்."

நல்ல முடிவு என்று பேனையை மூடினேன். அக்கா விடவில்லை.

5

அன்று கிளடிஸ் சாப்பாடு கட்டிக் கொடுத்து, போன் நம்பரும் வாங்கியிருக்கிறார். இத்தனை வருடம் கழித்துப் போன கிழமை அழைத்தார். இந்தச் சனிக்கிழமை டொரண்டோ வருகிறார். அக்கா வீட்டில்தான் தங்குவார். தன் கணவரைப் பற்றி அக்கா அன்று சொன்னதை ஒருக்கால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமாம்.

"அதுக்குத்தான் உன்னட்டை வந்தனான். எழுதித் தா."

"அவரைக் கண்டதேயில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

"மனிசி உடைஞ்சு போம்."

"அப்ப அவரைப் பற்றி நல்லதா ஏதும் புளுகுவம்."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப என்ரை அண்ணரை எங்கை விடுறது?"

வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதத் தொடங்கினேன்.

அன்பான கிளடிஸ், உங்கள் கணவர்

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. உங்களுக்கு ஓடினால் எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன்னம்.