பாலின் மேல் விழுந்த பழி

ரஹீமாவின் மூத்த பிள்ளை இறந்த மூன்றாம் நாள், பாத்திஹா ஓத வந்த பெண்கள் கூடத்தில் நிறைந்திருந்தபோது, அவளுடைய மாமியார் ஐசும்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "இவ பாலா குடுத்தா? விஷத்தயில்ல குடுத்திருக்கா."

ரஹீமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மார்பில் பால் கட்டிக் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. கணவன் மொய்தீன் வாசலில் ஆண்களோடு நின்றிருந்தான். அவன் காதிலும் விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாலக்காட்டுக் கடைவீதியில் மொய்தீனுக்கு ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. புதுநகரத்தில் தாய்வீட்டில் பெற்று, நாற்பது நாள் கழிந்து ரஹீமா திரும்பியபோது பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். வந்த இரண்டாம் நாள் வெளிறிப்போனான். கண் மஞ்சளித்தது. மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனது. மருந்து புகட்டினார்கள், தாயத்துக் கட்டினார்கள். அந்த வாரம் முடியுமுன்பே போய்விட்டான்.

"நாப்பது நாளும் எம் பாலக் குடிச்சுத்தானே அங்க நல்லா இருந்தான்?" என்று ரஹீமா பிறகு ஒருநாள் கணவனிடம் கேட்டாள்.

"அம்மா ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டாங்க. விட்டுடு."

அவள் விடவில்லை. சண்டை போடவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 1959இல், இரண்டாவதும் ஆண். இந்த முறையும் நாற்பது கழிந்துதான் பாலக்காட்டுக்கு வந்தாள். ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஐசும்மா தேக்குப் பெட்டியைத் திறந்து, காலமான தன் கணவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த கம்பளிச் சால்வையை எடுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக வாசல் தாண்டும்போது அதில் பொதிந்துதான் கொண்டுவருவார்கள். பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள். உருண்டைகளை உதறிவிட்டுப் பேரனைச் சுற்றினாள். குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று அதிலேயே கிடத்தினாள்.

இரண்டாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. ரஹீமா அவன் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள். இடுப்புத் துணியை அவிழ்த்தாள். கட்டங்காப்பி.

ஐசும்மா ஓடிவந்தாள். "அதே சீக்கு! நான் அப்பவே சொன்னேன். இனி ஒரு சொட்டுகூட இவ பால் அவன் வாயில படக்கூடாது. ஆட்டுப்பால் கொண்டாரச் சொல்லு. மந்திரிக்கிறவர வரச் சொல்லு."

"வேண்டாம் மாமி."

"என்ன வேண்டாம்?"

"போன தடவ நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தேன். இந்தத் தடவ கேக்க மாட்டேன்."

பிள்ளையைச் சால்வையோடு அள்ளிக்கொண்டு எழுந்தாள். வெளியே போகும்போது உடம்பு மூடிப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி கொடியில் தொங்கியது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. கடைவீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மழையில் முந்தானையால் பிள்ளையை மறைத்தபடி நடந்தாள். அந்த வீட்டு மருமகள் ஒருத்தி பட்டப்பகலில் தனியாகத் தெருவில் போவதை அவர்கள் யாரும் அதுவரை கண்டதில்லை.

மொய்தீன் கடையிலிருந்து குதித்து ஓடிவந்தான். "எங்க போற? ஊரே பாக்குது!"

"ஆசுபத்திரிக்கு. வர்றதுனா வாங்க. இல்லாட்டி வழிய விடுங்க."

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு தன் குடையை அவள் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

ஆஸ்பத்திரியில் சிசிலி என்ற பெண் டாக்டர் இருந்தாள். மூணாறுக்கு அருகே பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பிள்ளையை வாங்கியதும் மூக்கைச் சுளித்தாள்.

"இது என்ன நெடி? துணியில பாச்ச உருண்ட போட்டிருந்தீங்களா?"

"ஆமாங்க, பெட்டியில."

"முதல்ல இத வெளிய போடு." சால்வையை உருவி எறிந்தாள். பிள்ளையைத் துடைக்கச் சொன்னாள். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, உடனே ஏற்ற வேண்டும் என்றாள். மொய்தீனின் ரத்தம் பொருந்தியது. பிள்ளையின் கணுக்காலில் ஊசி ஏற, அவன் தகப்பன் முதல்முறையாக எல்லார் முன்னும் அழுதான்.

மறுநாள் பிள்ளையின் உதட்டில் சிவப்பு திரும்பியது. மூத்திரமும் மெல்லத் தெளிந்தது. சிசிலி ரஹீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"உன் தாய்வழியில ஆம்பளைங்க யாருக்காச்சும் இப்படி ஆனதுண்டா?"

புதுநகரத்திலிருந்து வந்திருந்த ரஹீமாவின் அம்மா, பாத்து என்பவள், பதில் சொன்னாள். "எந் தம்பி நூஹுக்கு ஆச்சுங்க. மூணாறுக்குத் துணி விக்கப் போனவன். மலேரியாக் காச்சலுக்கு ஏதோ மாத்திர குடுத்தாங்களாம். மூத்திரம் கறுத்துப் போச்சு. திரும்பி வரல."

சிசிலி தலையசைத்தாள். "உறுதியாச் சோதிச்சுப் பாக்க இங்க வசதி இல்ல. ஆனா நான் படிச்சதோட எல்லாமே பொருந்துது. நம்ம ரத்த அணுக்கள் பிராணவாயுவச் சுமந்துக்கிட்டே திரியுது. அந்த வாயுவே அதுகள அரிக்கவும் செய்யும், இரும்புல துரு ஏறுற மாதிரி. அந்தத் துரு ஏறாம இருக்க உடம்புக்குள்ளயே ஒரு காவல் இருக்கு. உன் பிள்ளைக்குப் பிறவியிலேயே அந்தக் காவல் கொறச்சல். சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது. இந்த உருண்ட நெடியோ, சில மாத்திரையோ உள்ள போச்சுன்னா, அரிப்பு எக்கச்சக்கமாயிரும். காவல் தாங்காது. அணுவெல்லாம் உடைஞ்சு போயிரும்."

"அப்ப எம் பாலு?"

"பாலுக்கு என்ன? பால்தான் அவனுக்குத் தெம்பு. நல்லாக் குடு."

ரஹீமா நிமிர்ந்தாள். "அவர் வெளிய நிக்கிறாரு. கூப்பிடுறேன். அவர் முன்னாடி அத இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டரம்மா."

சிசிலி சொன்னாள். மொய்தீன் கேட்டான். இந்தக் குறை ஆண் பிள்ளைகளுக்குத் தாய்வழியாகத்தான் வருகிறது என்பதையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

பிள்ளை தேறியதும் மொய்தீன் குதிரைவண்டி கொண்டுவந்தான். ரஹீமா ஏறவில்லை.

"நான் புதுநகரத்துக்குப் போறேன். அந்தப் பெட்டியும் வீடும் நெடி போகக் காயணும். கடையில பச்சப்பிள்ளைக்குத் துணி வாங்க வர்றவங்ககிட்ட, துவைச்சு வெயில்ல போட்டுக் கட்டச் சொல்லணும்."

"சரி, செய்யிறேன்."

"இன்னொண்ணு. மாமி அன்னிக்குச் சொன்னதத் திரும்ப வாங்கணும். யார் யார் முன்னாடி சொன்னாங்களோ, அவங்க முன்னாடியே."

"ரஹீமா, அவங்க பெரியவங்க. பிள்ள பொழச்சாச்சு. இன்னும் எதுக்கு?"

"எனக்கு மட்டும் கேக்கணும்னா சொன்னாங்க, ஊருக்கே கேக்கணும்னுதானே சொன்னாங்க? ரெண்டு வருசமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் பொம்பளைங்க எம் மாரத்தான் பாத்தாங்க. அதத் திரும்ப வாங்குனாத்தான் வருவேன்."

மொய்தீன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னபோது ஐசும்மா நம்பவில்லை. "என் நாலு பிள்ளைகளும் அந்தச் சால்வையிலதான் வளந்தாங்க. அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கத்தினாள். அவர்களுக்கு அந்தக் காவல் இருந்தது என்று அவன் சொன்னான். மூத்த பேரனையும் அதில் பொதிந்தது தன் கைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரஹீமா தாய்வீட்டிலேயே இருந்தாள். ஊர் பேசியது. மாமியாரை மண்டியிட வைக்கப் பார்க்கிறாள் என்றார்கள். அம்மா பாத்துகூட ஒருநாள், "விட்டுக்குடு மகளே, வாழப்போறவ நீ" என்றாள்.

"வாழப்போறவ நான்தாம்மா. அதனாலதான் விடல."

நோன்பு தொடங்கும் முன்பு ஒரு பகலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியில் மொய்தீனும் ஐசும்மாவும். இரண்டாவதில் அன்று கூடத்தில் இருந்த பெண்கள். ஐசும்மா மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அன்னிக்கு இவ பாலப் பழிச்சேன்," என்றாள் அந்தப் பெண்களைப் பார்த்து. "அது பொய்யி. பால்ல ஒரு குத்தமும் இல்ல. எம் பெட்டியிலதான்..."

ரஹீமா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க பெட்டியில இருந்து நெடி வந்துச்சு மாமி. அத நீங்க அறியல. எங்கிட்ட இருந்து அந்தக் கொறை வந்துச்சு. அத நானும் அறியல. அதையும் இவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும். நான் ஒண்ணயும் ஒளிக்கல. ஆனா எம் பாலப் பத்தி இனி யாரும் பேசக்கூடாது."

வந்தவர்களில் மூத்தவள் ஒருத்தி, "சரி சரி, துக்கத்துல ஆளாளுக்கு ஏதாவது சொல்றதுதான்" என்று சமாதானமாகச் சிரித்தாள்.

"சொல்றதுதானா? அன்னிக்கு நீங்களும்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க," என்றாள் ரஹீமா. அந்தச் சிரிப்பு நின்றது.

அன்று மாலையே பாலக்காட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டி கடைவீதியை நெருங்கும்போது மொய்தீன் மெதுவாகக் கேட்டான்: "இப்பத் திருப்திதானே?"

"இல்ல," என்றாள் ரஹீமா. "மூத்தவன் இல்லியே."

எதிரே உட்கார்ந்திருந்த ஐசும்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதாள். இம்முறை ரஹீமா அவளைத் தேற்றவில்லை. பசித்து முனகிய பிள்ளையை எடுத்து, மாமியாரின் கண் முன்னாலேயே பால் கொடுத்தாள்.