லம்மெர்ஸ்டேக்கை எங்கே பிரிப்பது

யொரிண்டெயின் குரலைக் கேட்காமல் அந்த மாகாணத்தில் யாரும் பேருந்தில் போய்விட முடியாது. நிறுத்தங்களின் பெயர்களையெல்லாம் ஒலிப்பதிவு செய்து கொடுத்தவள் அவள்தான். எந்தப் பெயரானாலும் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதலன் வீபெயின் அப்பாவை முதன்முதலாகப் பார்க்க அவனோடு கிளம்பினாள். அவனுடைய ஊர் நெருங்கியதும் பேருந்தில் அவள் குரல் கணீரென்று ஒலித்தது: "லம்மெர்ஸ்... டேக்."

பேருந்தே சிரித்தது. "உண்ணியெல்லாம் இறங்குங்கப்பா!" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"ஏன் சிரிக்கிறாங்க?"

வீபெயின் காது சிவந்துவிட்டது. "எங்க ஊரு லம்மெர்-ஸ்டேக். லம்மெர்னா ஆட்டுக்குட்டி, ஸ்டேக்னா மண்ணு வெட்டின இடம்; அங்க ஆட்டுக்குட்டி மேய்ச்ச ஊரு. நீ 'ஸ்'ஸைக் கொண்டுபோய் முன்னால ஒட்டிட்டே. மிச்சம் நிக்கறது டேக். ஆட்டைக் கடிச்சு ரத்தம் குடிக்குமே, அந்த உண்ணி."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே?"

"நீ சொன்னா அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. சந்தையில அவரைப் படாத பாடு படுத்துறாங்க."

வீபெயின் அப்பா ஹார்மென் பட்டாணி சூப்பை ஊற்றி வைத்தார். யொரிண்டெ கரண்டியைத் தொடவில்லை. "பஸ்ல பேசுறது நான்தாங்க" என்றாள்.

வீபெ கண்ணை மூடிக்கொண்டான்.

"நீதானா அது? ஆடு வாங்க வந்தவன் ஒருத்தன், 'உண்ணிக்குத் தனி விலையா, ஆட்டோட சேர்த்தா?'ன்னு கேக்கறான்மா!"

யொரிண்டெ எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டாள். "தப்பு என்னோடதுதான். நீங்க ஒருதரம் சொல்லுங்க."

"லம்மெர்ஸ்டேக்" என்றார் அவர், ஒரே ஓட்டமாக. "நடுவுல நிக்கவே கூடாது."

"பஸ் இரைச்சல்ல அப்படிச் சொன்னா ஒண்ணும் விளங்காதுங்க. நிறுத்தத்தான் வேணும். ஆனா இங்க." எழுந்து நின்று, வேலைக்குரிய குரலிலேயே சொன்னாள்: "லம்மெர்... ஸ்டேக்."

ஹார்மென் எழுந்து ஜன்னலைத் திறந்தார். "இன்னொருதரம் சொல்லும்மா. பக்கத்து வீட்டு எவெர்ட் கேக்கட்டும்!"

வேலிக்கு அப்பாலிருந்து எவெர்ட் கத்தினார்: "எங்களுக்குப் பழசே நல்லா இருந்துச்சு!"

அந்த வாரமே அவள் அதைத் திருத்திப் பதிவு செய்தாள். அதோடு நிற்காமல், சந்தேகம் வந்த மற்ற ஊர்களுக்கும் போன் போட்டு, "உங்க ஊர்ப் பேரை எங்க பிரிக்கணும்?" என்று கேட்டாள். எல்லாரும் குஷியாகச் சொன்னார்கள். ஓர் ஊரில் மட்டும் கணவன் ஒருவிதமாகவும் மனைவி வேறுவிதமாகவும் சொல்லி, போனை வைக்க மறந்து சண்டையில் இறங்கிவிட்டார்கள். யொரிண்டெ முழுதும் கேட்டுவிட்டு, மனைவி சொன்னபடியே பதிவு செய்தாள்.