தாஜ் நிஷாவின் குட்டி கோஸ்

தக்காளி வளர்த்துப் பழகியவனுக்கு எல்லாச் செடியும் தக்காளிதான். அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கியதிலிருந்து பசீர் அகமது வருஷம் தவறாமல் தக்காளி போட்டவர். தண்டுக்கும் இலைக்கும் இடுக்கில் துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் செடியின் சத்தெல்லாம் பாழ் என்பது அவர் கண்ட வேதவாக்கு.

2008 கோடையில் அவர் மனைவி தாஜ் நிஷா நட்டதோ பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்கிற குட்டி கோஸ். பக்கத்து வீட்டு ஷ்யாமளா கொடுத்த நாற்று. இலையைப் பார்த்துவிட்டு இது முட்டைகோஸ் என்று பசீர் தாமே முடிவு கட்டிவிட்டார். யாரையும் கேட்கும் வழக்கம்தான் அந்த மனுஷருக்குக் கிடையாதே!

நட்ட கொஞ்ச நாளில் தாஜ் நிஷாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தது. கீமோ தொடங்கியதும் மீன் குழம்புகூட இரும்பைச் சப்பியது போலிருந்தது அவளுக்கு.

"நான் நட்ட செடியோட காயை முதல் உறைபனி விழுந்தப்புறம் பறிச்சா இனிக்குமாம்ங்க," என்றாள். "அது மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கணும்."

பசீருக்கு நோயாளி அறையில் உட்காரத் தைரியம் இல்லை. அவளுடைய முடி உதிர்ந்த தலையைப் பார்த்தாலே ஏதாவது மீட்டிங் ஞாபகம் வந்துவிடும். இருட்டும்வரை ஆபீஸே கதி என்று கிடந்தார். "செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையே" என்று அவள் சொன்ன பிறகுதான் பொழுதோடு வீடு திரும்பினார்.

அவள் படுத்திருந்த அறையின் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே பாத்தி. தண்ணீர் விட்டார், களை எடுத்தார், இலையிடுக்குகளில் பட்டாணி போல முளைத்ததையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் கிள்ளி எறிந்தார். உச்சியில் பெரிய கோஸ் உருண்டு வரும் என்று மலைபோல நம்பினார். அவ்வப்போது நிமிர்ந்து கையசைப்பார். ஜன்னலிலிருந்து அவளும் அசைப்பாள்.

அக்டோபரில் ஷ்யாமளா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "என்ன பாய், அதுக்குள்ள எல்லாத்தையும் பறிச்சிட்டீங்களா? இலைக்கு இலை குட்டி குட்டியா வருமே, அதுதானே காய்!"

பசீர் காரை எடுத்துக்கொண்டு பண்ணைக் கடைக்கு ஓடினார். காய் மொய்த்த தண்டு ஒன்றை வாங்கி வந்து, செடியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று கயிற்றோடு குனிந்தார். மேலே பார்த்தார். ஜன்னலில் தாஜ் நிஷா இருந்தாள்.

கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு மாடியேறினார்.

"தாஜு, எல்லாத்தையும் கெடுத்துட்டேன். காய்னு தெரியாம அத்தனையும் கிள்ளிப் போட்டுட்டேன். நீ ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்."

"தெரியும்ங்க. முதல் நாளே பார்த்தேன்."

"பார்த்துட்டா சும்மா இருந்தே?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நிதானித்துச் சொன்னாள்: "சொல்லியிருந்தா செடியைத் தொடவே பயந்திருப்பீங்க. மறுபடி ஆபீஸ்லயே இருந்திருப்பீங்க. காய் போனாப் போகுது, எனக்கு தினமும் உங்க முகத்தைப் பார்க்கணும் போல இருந்துச்சு. இந்த ரூமுக்குள்ள வந்தா நீங்க தரையைத்தானே பார்க்கறீங்க."

பசீருக்கு அவமானமாக இருந்தது. அந்த நிமிஷம்கூட அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்தார்.