வெட்டாத நாலு நிமிடம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. படத்தொகுப்பாளரான என் அக்கா, பல் மருத்துவருக்காகக் காத்திருந்த ஒரு மதியம் அலுத்துக்கொண்டே சொன்னது. எழுத உட்கார்ந்து இரண்டு முறை தொடங்கிவிட்டேன்.

'வெளியே மழை விடாமல்...' (மழையே இல்லை. அழகுக்குச் சேர்த்தேன்.)

'வெட்டுவதை ஒரு வன்முறையாகவே கருதிய அவள்...' (அக்கா கேட்டால் சிரிப்பாள்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

2

ஒரு தையல் ஆலைத் தீ விபத்தைப் பற்றிய ஆவணப்படம். மகளைப் பறிகொடுத்த அம்மாவிடம் இயக்குநர் கேட்கிறார்: "கடைசியா உங்க பொண்ணு என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

அந்த அம்மா நாலு நிமிடம் பேசவில்லை. சுவரைப் பார்க்கிறார். முழங்காலைச் சொறிகிறார். கேமரா அசையவில்லை. பிறகு, "துணி காயுது, எடுத்து வச்சிடுன்னா" என்கிறார்.

"பத்து செகண்ட் போதும்," என்றார் இயக்குநர். "நடுவுல கருகின மெஷின், வெளியிலருந்து பூட்டின கதவு, அவங்க கை. ஒண்ணோட ஒண்ணு மோதணும். பாக்கறவனுக்குக் கோபம் வரணும்."

"அவங்க சும்மா உக்காந்திருக்கறதே போதும். நாம எதையும் சொருக வேண்டாம்," என்றாள் அக்கா.

(யதார்த்தமா வடிவமா என்று இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். சாரம் இவ்வளவுதான்: அக்கா காலத்தை நம்பினாள், அவர் கத்தரியை நம்பினார்.)

பதினோரு நாள் இழுபறி. அக்காவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டு விதமாகவும் தொகுத்து, அந்த அம்மாவையே வரவழைத்தார்கள்.

3

இயக்குநருடையதை அந்த அம்மா அசையாமல் பார்த்தார். அக்காவுடையது ஓடத் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துக்கம் என்று நினைத்தாள் அக்கா.

"இதை நிறுத்தும்மா."

நிறுத்தினாள்.

"அன்னிக்கு எதிர்ல இவங்க ரெண்டு மூணு பேர்தான் இருந்தாங்க. இனிமே ஊரே உக்காந்து என்னைப் பாக்கும். எனக்கு எழுந்து போகக்கூட வழியில்லை."

"உங்களை மதிச்சுத்தாம்மா வெட்டாம விட்டேன்."

"தெரியுது. ஆனா அவங்க பாக்க வேண்டியது என்னை இல்லை. அந்தக் கதவை."

இருபது வருடமாக வெட்டாமையை நம்பிய அக்கா அங்கேயே, அந்த அம்மா பார்த்திருக்க, அந்த நாலு நிமிடத்தைத் தன் கையாலேயே வெட்டினாள். மகள் சொன்ன வார்த்தையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாராம் அந்த அம்மா. அது அவராகக் கொடுத்தது. மௌனம் அப்படியல்ல.

4

இனி முடிவு. படம் பார்த்தவர்கள் கொதித்தார்கள் என்று எழுதலாம். கொட்டாவி விட்டார்கள் என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அலுப்பாக இருக்கிறது.

அக்காவையே கேட்டேன். "அந்த அம்மா நிறுத்தச் சொன்ன இடத்துலயே கதையை நிறுத்தியிருக்கணும் நீ," என்றாள்.

நான் நிறுத்தவில்லை. அவர் காட்ட வேண்டாம் என்ற அந்த நாலு நிமிடத்தை உங்களுக்குக் காட்டியும் விட்டேன். எங்கே வெட்டுவது என்பது இனி உங்கள் பாடு.