துடக்கு வீட்டு ரேடியேற்றர்

பிள்ளை பிறந்து பதினோராம் நாள்; துடக்கு, அதாவது பிள்ளை பெற்ற தீட்டு, கழிய இன்னும் நாளிருந்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரின் அடிப்பாதி மட்டும் சுட்டது, மேற்பாதி பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது. உள்ளே காற்று அடைத்துவிட்டது. மேல்மூலையில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டால் போதும். ஆனால் வாடகை வாங்கும் வீட்டுக்காரன், புண்ணியவான், திருகின்மேலும் சேர்த்துப் பெயின்ற் அடித்திருந்தான். என் கணவர் பிரியந்தன் திருகிப் பார்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மனோர் பார்க்கில் எங்களுக்கு இருந்தது மாடியில் அந்த ஒரு அறைதான். நவம்பர்க் குளிர். இரண்டு நாளாகப் பிள்ளை மிதுஷாவின் கால்கள் சில்லிட்டுக் கிடந்தன.

அவர் சொல்லி, பக்கத்து ஊர் குட்மேய்ஸிலிருந்து பிளம்பர் ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். தோளில் பிள்ளையோடு கதவைத் திறந்த என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"தங்கச்சி, துடக்கு வீடெண்டு பிரியந்தன் சொல்லேல்லையே! நான் கந்தசஷ்டி பிடிக்கிறன். உள்ளுக்கு வர ஏலாது."

"அப்ப பிள்ளை விறைக்கட்டோ, அண்ணை?"

"மூண்டு நாளில சூரன்போர் முடிய வாறன். இல்லாட்டி நீங்களே இதால திருகிப் பாருங்கோ."

திருகைத் திறக்கும் சின்னச் சாவியை, ரேடியேற்றர்த் திறப்பை, வாசற்படியில் வைத்தார். என் கையில் தரக்கூட இல்லை.

மேலே போய்த் திருகினேன். திருகு அசையவில்லை, என் வயிற்றுத் தையல்தான் இழுத்தது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. அந்த மனுசனுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், இன்னும் பிள்ளையில்லை; பிள்ளை வரம் கேட்டுத்தான் அவர் விரதம் பிடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருவில் நிறுத்தியிருந்த தன் வானில் ஏறப்போனவரின் கைகளில் கொண்டுபோய் வைத்தேன்.

"பிள்ளை கேட்டுத்தானே விரதம்? இந்தாங்கோ, பிள்ளை. காலைத் தொட்டுப் பாருங்கோ."

விழுந்துவிடும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ர விரதத்தை முறிச்சுப் போட்டீங்கள்."

"ஓம், முறிச்சுப் போட்டன். இனியென்ன, உள்ளுக்கு வாங்கோ."

மிதுஷாவின் கால் அவருடைய உள்ளங்கைக்குள் கிடந்தது. பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் படியேறினார்.

பெயின்றைக் கத்தியால் சுரண்டினார். திருகைக் கால் சுற்றுத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கறுப்புத் தண்ணீர் சொட்டியதும் இறுக்கினார். மொத்தம் நான்கு நிமிடம். இந்த நான்கு நிமிட வேலைக்காக என் பிள்ளையை இன்னும் மூன்று நாள் விறைக்க விடப் பார்த்த மனுசன்!

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

"பிள்ளையை ஒருக்கால் தாங்கோ தங்கச்சி. சூடு வந்திட்டுதோ பாப்பம்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்துக் காட்டினேன்.