நாற்பத்தொரு சைக்கிள்களின் கழுத்து

அண்ணனும் தம்பியும் சமாதானமான செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஊரில் நாற்பத்தொரு சைக்கிள்கள் கழுத்தோடு கழன்று இரண்டாயின. முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் ஒன்றாகப் பிரிந்து வந்துவிட்டன. தபால்காரர் அந்தப் பாதியைப் பிடித்தபடி சாக்கடையில் உட்கார்ந்திருக்க, தபால் பை தொங்கிய பின்பாதி மட்டும் தனியாக அடுத்த மூன்று வீடுகளுக்குப் போய் நின்று மணியடிக்க முடியாமல் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு மோவாயில் நான்கு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

சைக்கிளின் கழுத்து பெரிய வித்தையல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் தண்டு ஒரு குழாய்க்குள் ஏறி நிற்கிறது. குழாயின் மேலும் கீழும் ஒவ்வொரு கிண்ணம், அதற்குள் எஃகுக் குண்டுகள், கிரீஸ். உச்சியில் ஒரு நட்டு, அதன்மேல் சுற்றிப்போகாதபடி உள்நாக்கு வைத்த வாஷர், அதற்கும் மேலே செக்நட். கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, செக்நட்டை இன்னொரு ஸ்பேனரால் அதன்மேல் நெருக்கி, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்படி விட்டுவிட வேண்டும். அண்ணனும் தம்பியும் நடத்திய சைக்கிள் கடையில் கீழ் நட்டு அண்ணனுக்கு, செக்நட் தம்பிக்கு. பதினோரு வருடமாக அவர்கள் கீரியும் பாம்பும். அந்தப் பகையெல்லாம் ஸ்பேனர் வழியாக இறங்கியதால் அவர்கள் பூட்டிய கழுத்து எந்தக் குண்டு குழியிலும் ஆடியதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூத்தாடி இரண்டுபட்டதில் ஊருக்குக் கொண்டாட்டம்.

பகைக்குக் காரணம் அப்பாவின் சாவு. எஃகுக் குண்டுகளை வரிசையாகப் பிடித்துவைக்கும் வளையத்துக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று உண்டு. அப்பாவின் சைக்கிளில் யாரோ அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். அது கிண்ணத்தில் உரசி உரசிச் சிக்கிக்கொண்டு, பாலத்துச் சரிவின் வளைவில் ஹேண்டில்பார் திரும்பவில்லை. அப்பா நேராகப் போய்விட்டார். நீதான் போட்டாய் என்றான் அண்ணன், நீதான் என்றான் தம்பி. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். ஒருவன் பேச்சை இன்னொருவனுக்குக் கொண்டுபோவதும், தனித்தனியாகச் சோறு போடுவதும், இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதும் அவள் வேலை. ஊரில் அவளுக்கு வாஷர் என்று பெயர். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தம்பி ஸ்பேனரால் அண்ணன் நெற்றியில் அடித்தான். அண்ணன் சுத்தியலை எடுத்தான். அடுத்தது கொலைதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்க. நீங்க ரெண்டு பேருமே போடல. அன்னைக்கு அந்த வளையத்த மாட்டினது நான்."

சுத்தியல் கீழே விழுந்தது. தம்பி "அண்ணே" என்றான். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மணி அப்போது பத்தேகால்.

பதினோரு மணிக்குள் ஊரே கடை வாசலில் நின்றது. எனக்கு அந்த ஊர்மேல் துளி இரக்கம் கிடையாது. ஒருவராவது அவளைப் பார்த்து, இத்தனை காலம் இதை எப்படிம்மா சுமந்தாய் என்று கேட்டிருக்கலாம். தலைமையாசிரியர் கட்டுப்போட்ட மோவாயோடு, "பதினோரு வருஷம் வாய மூடிட்டு இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியாதா? பொய் சொன்னேன்னு சொல்லிடு, முடிஞ்சுது" என்றார். அவள், "சொன்னது சொன்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சகோதரர்கள் நான்கு கையும் சேர்த்துத் திருகிப் பார்த்தார்கள். செக்நட் ஊறுகாய் ஜாடி மூடியைப்போல் சும்மா சுற்றியது. ஒன்பது நாள் ஊர் நடந்தே போனது. பத்தாம் நாள் அவர்களுக்கு அழுகை தீர்ந்து கணக்கு புரிந்தது: போன பதினோரு வருடத்தைத் தின்றவள் இவள். "எங்க அப்பனையும் கொன்னுட்டு, எங்களையும் அடிச்சிக்க விட்டு வேடிக்கை பாத்தியா?" என்று அண்ணன் அவள் பெட்டியைத் தெருவில் எறிந்தான். தம்பி அதன்மேல் தன் செக்நட் ஸ்பேனரையும் எறிந்தான்.

எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த தையல் கடையை அவள் வாடகைக்கு எடுத்தாள். தபால்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். கீழ் நட்டை அண்ணன் கடையில் இறுக்கிக்கொண்டு, தெருவைக் கடந்துபோய் செக்நட்டை அவளிடம் கொடுத்தால் பிடிக்கிறது. கீழ் நட்டை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அவள் ஸ்பேனர் வந்ததும் அது தானே எதிர்த்து நிற்கிறது, முன்னைவிட உறுதியாக. ஒரு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. அவள் கடைக்குள் எவரும் உட்காருவதில்லை, நலம் விசாரிப்பதும் இல்லை. வேலை முடிந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எதிர்க்கடையில் இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டுச் சிரிப்பது அவளுக்குக் கேட்கும்.

நாலு வருடம் கழித்து அண்ணனின் சைக்கிளே கழுத்தில் ஆட ஆரம்பித்தது. முன்பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்றது. தம்பியும் அவனும் பலநாள் மல்லாடிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு மதியம் அண்ணன் அதைத் தெருவுக்கு இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். நெற்றித் தழும்பு வெளுத்திருந்தது, தலை பாதி நரைத்திருந்தது. அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றான்.

அவள் ஸ்பேனரை மாட்டினாள். பிடிக்காமல் சுற்றிவிட்டால் போதும், அண்ணன் மனதில் தன்மேல் பகை ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். பிறகு ஊர் இன்னொரு முறை சாக்கடையில் விழட்டும், யாருக்கு என்ன. சும்மா சுற்று, சும்மா சுற்று என்று உதடு அசையாமல் கெஞ்சிக்கொண்டே திருகினாள்.

கால் சுற்றுகூடப் போகவில்லை. அதுவரை அவள் பூட்டிய எந்தச் சைக்கிளிலும் இல்லாத இறுக்கத்தில் கப்பென்று பிடித்து நின்றது.

அண்ணன் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினான். ஹேண்டில்பார் வழுவழுவென்று தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கமும் சாய்ந்தது. ஆட்டமில்லை, உரசலுமில்லை, பழுது சொல்ல ஒன்றுமில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் தெருவைக் கடந்து போனான். அவள் கிரீஸைத் துடைத்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற பால்காரரைக் கூப்பிட்டாள்.