வாடிக்கையாளர் திருப்தி

என் கணவரைப் போல நல்ல மனிதர் கிடையாது என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, அவரோடு குடும்பம் நடத்துவது நான்தானே. அவருக்கு ஓட்டல் வரவேற்பறையில் வேலை. தங்க வந்தவர் சாவியைத் தொலைத்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். தெருவில் யாராவது காலை மிதித்துவிட்டால், மிதித்தவருக்கு வலிக்கவில்லையே என்று விசாரிப்பார்.

எனக்கு நேர்மாறான தொழில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "பிரேக்" என்று நான் போடும் சத்தத்தில் அடுத்த தெருவில் போகிறவரும் நின்றுவிடுவார். இப்போது வயிறு பெரிதாகிவிட்டதால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். அந்தச் சத்தம் முழுக்க வீட்டுக்குள்ளேயே செலவாகிறது.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. முதல் பிரசவம் எனக்கு ஆபரேஷன். இரண்டாவதையும் முன்கூட்டியே தேதி குறித்து ஆபரேஷன் செய்வதுதான் பாதுகாப்பு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் இப்போது இருப்பது தனியார் ஆஸ்பத்திரி. ஓட்டலில் கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு அதற்கு உண்டா, இல்லையா? உண்டு என்று காப்பீட்டுக் கம்பெனி சொன்னால் ஆஸ்பத்திரியில் தேதி கொடுப்பார்கள். இல்லை என்றால் எங்கள் வசதிக்கு அந்த வாசலைக்கூட எட்டிப் பார்க்க முடியாது.

அந்த டாக்டரம்மாதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். போன தடவை வேறொரு ஆஸ்பத்திரியில், உள்ளே ஏதோ சரியில்லை என்று நான் கதறிக்கொண்டே இருந்தேன். எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும், "பிரசவத்துக்கு வந்தா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றுவிட்டுப் போனார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த இந்த அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "உனக்கு என்ன தோணுது, சொல்லு" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் நான் ஆபரேஷன் மேஜையில் இருந்தேன். இன்னும் தாமதித்திருந்தால் என் மகள் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார்கள். மறுபடி யாரோ ஒருவரிடம் என் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கதற எனக்குத் தெம்பு இல்லை.

காப்பீடு கணவர் பெயரில் இருப்பதால் அவர்தான் போன் செய்ய வேண்டும். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடுவார்.

"பிரசவத்துக்கு உண்டு சார்."

"ஆபரேஷனுக்குங்க?"

"மருத்துவக் காரணம் இருந்தா உண்டு சார்."

"போன தடவையும் ஆபரேஷன்தாங்க. அது காரணமாகுமா?"

"அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும் சார்."

"டாக்டர் எழுதியே கொடுத்துட்டாங்களே."

"அவங்க இல்ல சார், எங்க டாக்டர்."

"அவர் எப்பங்க முடிவு பண்ணுவார்?"

"டிஸ்சார்ஜ் ஆகி பில் எங்ககிட்ட வந்ததும் சார்."

அதாவது, பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு, அது பிறந்த விதம் சரிதானா என்று முகம் தெரியாத ஒருவர் தீர்ப்புச் சொல்வாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோபாவில் இருந்தபடியே கத்தினேன். கணவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் இரும்மா" என்று கெஞ்சினார்.

"உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சதா சார்?"

"கிடைச்சதுங்க. ரொம்ப நன்றிங்க."

"என்ன பதில் கிடைச்சது?" என்று கேட்டேன். அவர் போனைச் சார்ஜில் போட எழுந்து போனார்.

இதே கூத்து திரும்பத் திரும்ப நடந்தது. ஒருவர் ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொன்னார். ஆஸ்பத்திரி கம்பெனியைக் கேட்கச் சொன்னது. ஒரு பெண் உண்டு என்றாள். அதை மெயிலில் அனுப்பச் சொன்னதும், விதிமுறைகளுக்கு உட்பட்டு உண்டு என்று குரலை இறக்கினாள். இன்னொருவர் எனக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் பதில் கிடைத்ததா என்று அதே கேள்வி, என் வீட்டுக்காரரிடமிருந்து அதே நன்றி.

ஏழாம் மாதம் கடந்ததும் நானே போனைப் பிடுங்கினேன். பேசியவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், தேதி வச்சுப் பண்ற ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்கணும். ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள கேட்டிருக்கணுமே" என்றார்.

"அதைத்தானேப்பா இத்தனை நாளா கேட்டுட்டு இருக்கோம்."

"நீங்க கேட்டது எதுவும் நிலுவையில இல்லையே மேடம். போன் பண்ணியிருக்கீங்க. எல்லாமே 'பதில் பெற்றார், வாடிக்கையாளர் திருப்தி'ன்னு மூடியிருக்கு. திருப்தி இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மேலதிகாரிகிட்ட போயிருக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சதா மேடம்?" என்று போனில் குரல் கேட்டது.

"இல்லை."

அவர் திணறிப்போனார். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். "நாங்க பேசினது எல்லாம் பதிவு பண்றீங்கதானே? உங்க மேலதிகாரியை உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்க. கேட்டுட்டு அவங்களே என்கிட்ட பேசட்டும். அதுவரைக்கும் எனக்குத் திருப்தி இல்லை, எழுதிக்குங்க."

அன்று முழுக்க நான் கணவரோடு பேசவில்லை. அவர் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். எனக்கு இருந்த கோபத்தில் தண்ணீர் கேட்கக்கூடப் பிடிக்காமல் நானே எழுந்து போய்க் குடித்தேன்.

மறுநாள் காலை மேலதிகாரி பேசினார். தொண்டை கட்டிய பெண் குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாராம்.

"சார் ஒவ்வொரு தடவையும் பதில் கிடைச்சதுன்னுதான் சொல்றார். அதை வச்சுப் பார்த்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பின்னாடி ஒரு குரல் கேக்குது. 'உண்டா இல்லையான்னு கேளுங்க, நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்'னு. முதல் போன்லயே இருக்கு. அது நீங்களா?"

"நான்தான்."

"எல்லாப் போன்லயும் இருக்கீங்க. ஒண்ணுல சாரைவிட நீங்கதான் தெளிவா கேக்கறீங்க." அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. "கேள்வி முதல் நாளே வந்ததா எடுத்துக்கறேன். பதில் சொல்லாதது எங்க தப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கி எங்க டாக்டரும் பார்த்தாச்சு. ஆபரேஷனுக்கு உண்டு. மெயில் அனுப்பிட்டேன், பார்த்துக்குங்க."

மெயில் வந்திருந்தது. படித்தேன். அதிலும் உண்டு என்றுதான் இருந்தது. கத்த வேண்டிய அவசியம் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகச் சட்டை மாட்டியிருந்தார், பொத்தான் போடவில்லை.

"போன தடவையும் இதைத்தான் பண்ணினேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பிரசவ அறை வாசல்ல நின்னுட்டு இருந்தேன்ல. உள்ளே நீ கத்தறது கேட்டுச்சு. யார் வெளியே வந்தாலும் எப்படி இருக்கான்னு கேட்பேன். எல்லாம் சரியா இருக்கு, வெயிட் பண்ணுங்கன்னாங்க. நான் நன்றின்னு சொன்னேன். ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதில்லை. நான் கதறியது அந்தக் கதவுக்கு வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையைக் கோதிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போனை அவர் கையில் வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. தேதி கேளுங்க."

போட்டார். வரவேற்பில் இருந்த பெண், டாக்டரம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடுகிறோம் என்றாள். கணவர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"வேண்டாங்க" என்றார் அவர். "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."